ஆறரை மணிக்குக் கரையேறும் படகு

நான் எழுதுவதை மனிதர்கள் படிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று குப்பத்தில் யார் கேட்டாலும் நான் திணறுவது இந்த இடத்தில்தான். மென்பொருள் கம்பெனி ஒன்றில் கையேடு எழுதுகிறேன். முன்பெல்லாம் புரோகிராமர்கள் படிக்க எழுதினேன், இப்போது ஏஐ ஏஜென்ட்கள் படிக்க எழுதுகிறேன். ஏஜென்ட் என்றால், வேலையைச் சொன்னால் போதும், தானே கணினி நிரலைத் திறந்து, தானே யோசித்து, தானே திருத்திக் கொடுக்கும் இயந்திரப் புத்தி. "அதுக்கு எழுதிக் குடுத்தா அது படிக்குமா?" என்று என் தம்பி சிரிப்பான். படிக்கும். மனிதர்களைவிட ஒழுங்காகப் படிக்கும். எனக்கு அதில் பிடிக்காததே அதுதான்.

வீடு கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். மாடியில் ஒற்றை அறை, அதுதான் என் ஆபீஸ். வாரத்தில் ஒரு நாள் செய்யூர் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு ஆபீசில் முகம் காட்டிவிட்டு வருவேன். மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே கடல், ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில். பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகு. நான் அந்த ஜன்னலைத் திறந்து நாலு வருஷம் ஆகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் நைனா தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். போனவர் வரவில்லை. மறுநாள் படகு மட்டும் தெற்கே கவிழ்ந்து கிடைத்தது, ஓரம் பிளந்து. அந்தப் படகைத் தம்பி தொடவே இல்லை. புதிதாக ஒன்று வாங்கி, வேறு எண்ணில் பதிந்துகொண்டு அவனும் அதே கடலுக்குப் போகிறான்.

கடலில் போனவர் வராதது எங்கள் தெருவில் புதிதல்ல. எனக்கு ஆறாதது வேறு. அந்தச் சாயங்காலம் யாரும் தேடிப் போகவில்லை. ஒவ்வொரு படகிலும் அது இருக்கிற இடத்தைச் சிக்னலாக அனுப்பும் சிறு கருவி உண்டு, மீனவர் சங்க ஆபீசில் அதற்கொரு திரை உண்டு. ஏழு மணிக்குத் தம்பி அங்கே ஓடினான். அங்கிருந்த எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு, "கரைன்னு காட்டுது. வடக்கால எந்தக் குப்பத்துலனா ஏறியிருப்பாரு, காலைல வந்துருவாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விடிந்த பிறகுதான் படகுகள் கிளம்பின. அன்று அந்த மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்து, நாலடி நடந்து மணலில் வந்து நைனாவின் காலி இடத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் திரையை அப்படி நம்பியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. எதிரில் வந்தால் தெருவை மாற்றிப் போவேன். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த பந்தியில் உட்கார மாட்டேன். கோபத்தை நான் நன்றாக வளர்ப்பேன், அதற்குச் சோறு போடுவதில் எனக்குச் சலிப்பே வராது.

இந்தப் பங்குனியில் என் கைக்கு வந்தது ஒரு தேடல் கருவி. சாதாரணத் தேடல் எழுத்தைத் தேடும். "படகு" என்று கேட்டால் "படகு" என்று எழுதியிருக்கும் இடத்தைக் காட்டும். இது பொருளைத் தேடும். நிரலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் என்ன சொல்ல வருகிறது என்பதை எண்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். நாம் பேசுகிற மாதிரி கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியையும் எண்களாக்கி, எந்தத் துண்டு அதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுத்து நீட்டும். ஏஜென்ட் பெரிய பெரிய கோப்புகளை முழுதாகப் படித்து நேரத்தை வீணடிக்காமல், வேண்டிய துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்யலாம். அந்த ஏஜென்ட்களுக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுத வேண்டும்.

கருவிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதற்கு "இல்லை" என்று சொல்லத் தெரியாது. கேட்டது நிரலில் இல்லவே இல்லை என்றாலும், இருப்பதற்குள் எது கொஞ்சம் பக்கமோ அதைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஆகவே முதல் பக்கத்திலேயே ஏஜென்டுக்கு ஓர் எச்சரிக்கை எழுதினேன். "ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது என்பதால் அதுதான் விடை என்று நம்பாதே. ஆதாரம் இல்லாத இடத்தில் எல்லாம் நலம் என்று ஊகிக்காதே." எழுதி முடித்துவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

கையேட்டில் உதாரணம் காட்டச் சின்னதாக ஒரு நிரல் தேவைப்பட்டது. எங்கள் கம்பெனியே பல வருஷம் முன் எழுதிய படகு நிரல் ஞாபகம் வந்தது. ஆம், சங்க ஆபீஸ் திரையில் ஓடுகிற அதே நிரல். அப்போது நான் புரோகிராமர். ஏழு பேர் சேர்ந்து எழுதினோம். வரைபடத்தில் படகுகளைப் புள்ளியாகக் காட்டும் பகுதி என்னுடையது என்று நினைவு. நைனாவுக்குப் பிறகு நிரல் எழுத உட்கார முடியவில்லை, கையேடு எழுதும் பக்கம் மாறிக்கொண்டேன். பழைய நிரலைத் தொட வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. பழக்கமான நிரல் என்றால் வேலை சுலபம் என்று இன்னொரு மனம் சொன்னது. சோம்பல்தான் ஜெயித்தது.

கருவி நிரலை நறுக்கி முடித்ததும் கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். கடவுச்சொல்லை மறந்தால் என்ன ஆகும்? சரியான துண்டு முதலில் வந்தது. இரண்டாவதாகச் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஏழு வரித் துண்டு வந்தது. பழைய கோப்புகளை எப்போது அழிக்கிறது? மறுபடியும் இரண்டாவது இடத்தில் அதே ஏழு வரி. திரையின் நிறத்தை எங்கே மாற்றுவது? மூன்றாவது இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அழையாத விருந்தாளி மாதிரி எதைக் கேட்டாலும் வாசலில் நின்றது. எரிச்சலோடு அதைத் திறந்து படித்தேன்.

துண்டின் தலைமாட்டில், நிரல் ஓடும்போது இயந்திரம் கண்டுகொள்ளாத குறிப்பு வரி ஒன்று இருந்தது. தமிழில் இருந்தது.

"வந்துட்டாரு, கை கழுவிகினு கீறாரு."

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் தெருவில் படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால், வீட்டுப் பெண் "இன்னும் வரல" என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கடல் அதைக் கேட்டுக்கொள்ளும் என்பார்கள். யாராவது வந்து உங்க வூட்டுக்காரர் வந்தாச்சா என்று கேட்டால், "வந்துட்டாரு, கை கழுவிகினு கீறாரு" என்பார்கள். சொல்லிவிட்டுக் கொல்லையில் வாளியில் தண்ணீரும் வைப்பார்கள். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். கேட்டவர் ஒன்றும் பேசாமல் நேரே கரைக்குப் போய்ப் பார்ப்பார். தெரு அப்படித்தான் நடந்தது. என் அம்மா நாலு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினமும் ஆறரை மணிக்குக் கொல்லையில் வாளி வைக்கிறாள். நானோ தம்பியோ அதைப் பற்றிப் பேசுவதில்லை.

எங்கள் வீட்டு வாக்கியம் எப்படி அந்த நிரலுக்குள் போனது? அந்த ஏழு பேரில் மற்ற ஆறு பேரும் பட்டணத்துக்காரர்கள். இந்த இடத்தில் எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள மாட்டேன் என்று மனசு கதவைச் சாத்திக்கொண்டது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்று பார்க்கும் வசதி உண்டு. ஒரு பொத்தான்தான். நான் அதை அழுத்தவில்லை.

அதை விட்டுவிட்டு, ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, கருவியிடம் நிரலோடு சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? முதல் விடை அந்தத் துண்டு. நாம் யாருக்காகக் காத்திருக்கிறோம்? அந்தத் துண்டு. நீ யார்? அந்தத் துண்டுதான். கீழே கொல்லையில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுந்தது. கணினியின் மூலையில் பார்த்தேன், மணி ஆறரை. துண்டின் நாலாவது வரியிலும் அதே எண்தான் இருந்தது, ஆறு முப்பது. மடிக்கணினியை மூடிவிட்டுக் கீழே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். "இன்னாடி, பேயடிச்ச மாரி கீற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் செங்கல்பட்டு ஆபீசில், அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருத்தியான சின்னப் பெண்ணிடம் கேட்டேன். எதைக் கேட்டாலும் ஒரே துண்டு வருகிறதே என்றேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, இந்த நிரல் முழுக்கப் பேச்சுத் தமிழ்ல இருக்கிறது இந்த ஒரே வரிதான். நீங்களும் பேசுற மாதிரியே கேக்கறீங்க. அதான் வந்து ஒட்டிக்குது. இதெல்லாம் சகஜம்." சமாதானமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். செய்யூர் தாண்டிச் சவுக்குத் தோப்புகள் ஆரம்பித்ததும் சமாதானம் கழன்றுவிட்டது. அந்த வரி என் கேள்வியில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்றால், அது என்னைப் போல் பேசுகிறது என்றுதானே அர்த்தம்.

கையேடு சரியா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒன்றும் தெரியாத ஓர் ஏஜென்டிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, ஒரு சின்ன வேலை சொல்வோம். அது தடுமாறினால் கையேடு மோசம். நான் சொன்ன வேலை இது: சிக்னல் நின்றுபோன படகை இந்த நிரல் என்ன செய்கிறது என்று கண்டுபிடி. சோதனைக்காகச் சங்க ஆபீசின் பதிவேட்டு நகல் ஒன்றும் அந்த நிரலின் கோப்புறையில் இருந்தது. வேலையைக் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது அறிக்கை தயாராக இருந்தது.

"மாலை 6:30 வரை சிக்னல் இல்லாத படகுகளை இந்த நிரல் 'கரை' என்று பதிவு செய்கிறது. கடைசி சிக்னல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. கரைக்கு மிகத் தொலைவில் சிக்னல் நின்றாலும் படகு கரையேறியதாகவே காட்டும். பதிவேட்டில் ஒரு படகு நான்கு ஆண்டுகளாக எந்தச் சிக்னலும் அனுப்பவில்லை. ஆனால் தினமும் 6:30க்குக் கரையேறியிருக்கிறது. கையேட்டின் முதல் பக்க எச்சரிக்கையின்படி, இதை நலம் என்று நான் ஊகிக்கவில்லை. இந்தப் படகு இப்போது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

படகின் எண் கீழே இருந்தது. நைனாவுடையது.

பதிவேட்டைத் திறந்து உருட்டினேன். உருட்ட உருட்ட அதே வரி. கரை, கரை, கரை. தீபாவளி அன்று கரை. புயல் எச்சரிக்கை என்று ஒரு படகும் போகாத நாளில் கரை. அம்மாவுக்குத் தெரியாமல் நானும் தம்பியும் அவருக்குப் படையல் போட்ட நாளிலும் சாயங்காலம் ஆறரைக்கு வந்து சேர்ந்திருந்தார். பகலில், வெளிச்சத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு நான் பயந்தது அன்றுதான்.

பிறகு, யார் எழுதியது என்று காட்டும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஏழு வரிக்கும் நேரே என் பெயர் இருந்தது.

எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். மறக்கவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். பெயரைப் பார்த்ததும் எல்லாம் ஒழுங்காக நினைவுக்கு வந்தது. ஆபீசில் ஒரு கூட்டம். சிக்னல் இல்லாவிட்டால் திரையில் என்ன காட்டலாம் என்று பேச்சு வந்தது. கடற்கரைக்காரி நான் ஒருத்திதான், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் கரையை நெருங்கியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் படகுக் கருவியை அணைத்துவிடுவார்கள், அதனால் சிக்னல் இல்லை என்றால் பெரும்பாலும் கரைதான் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தபோது, கடைசி சிக்னல் தொலைவில் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். "வரவில்லை" என்று தட்டச்சும் செய்தேன். அந்த நேரம் நைனா வழக்கம்போலத் தொழிலுக்குப் போய்க் கடலில் இருந்தார். என் கையால் அந்தச் சொல்லை எழுதி வைக்க முடியவில்லை. அழித்தேன். "கரை" என்று எழுதினேன். நைனா கை கழுவ அம்மா அப்போதே ஆறரைக்கு வாளி வைப்பாள், அதையே நேரமாகப் போட்டேன். தலைமாட்டில் எங்கள் வீட்டு வாக்கியத்தை எழுதினேன், கொஞ்சம் விளையாட்டாக, கொஞ்சம் காப்பாக.

வீட்டுப் பெண் அப்படிச் சொன்னால் கேட்டவர் கரைக்குப் போய்ப் பார்ப்பார். இயந்திரம் சொன்னால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். இது எனக்கு அன்று தோன்றவில்லை. கடலைத் தெரிந்தவள் என்று என்னை நம்பி விட்ட வேலை. கடலைத் தெரியாதவன் ஒருத்தன் எழுதியிருந்தால் பளிச்சென்று "வரவில்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்பான்.

அன்று மதியம் தம்பி கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் படகும் அந்த ஏழு வரிக்குள்தான் இருக்கிறது. ஓடிப்போய் வழியை மறித்து, நாலு நாளைக்குப் போகாதே என்றேன். திரை தப்பாகக் காட்டும், உனக்கு ஏதாவது ஆனால் ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். "மிஷின நம்பியா நான் போய்கினு கீறேன்? வழிய வுடுக்கா" என்று டீசல் வாடையோடு தாண்டிப் போனான். நான் மணலிலேயே நின்றேன். அவன் திரும்பி வந்து என்னைப் பார்த்து, "இன்னும் நிக்கிறியா, லூசு" என்று சொல்லும்வரை நின்றேன். அடுத்து வந்த நாட்களிலும் நின்றேன். நாலு வருஷமாகச் சாத்தியிருந்த ஜன்னலையும் திறந்து வைத்தேன்.

சங்க ஆபீசுக்கு மறுநாள் காலை போனேன். எழுத்தர் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். தலை நிறைய நரைத்திருந்தது. தெருவை மாற்றி மாற்றிப் போனதில் நான் அதைப் பார்க்கவே இல்லை.

"உக்காரு தங்கச்சி" என்றார்.

உட்காரவில்லை. "அண்ணாத்த, அன்னிக்குத் திரைல கரைன்னு வந்துச்சே" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா. நீ எழுதுனது" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா? இந்தத் திரைய மாட்டுன அன்னிக்கு நீதான வந்து சொல்லிக் குடுத்த. இதோ, இந்த இடத்துலதான் நின்ன. சிக்னல் இல்லன்னா கரைன்னு காட்டும் அண்ணாத்த, பயப்படாதீங்கன்னு சொன்ன. எனக்கு ஞாபகம் கீது. உனக்குதான் இல்ல."

"ஏன் சொல்லல? நாலு வருஷமா உங்களத் திட்டிகினு திரிஞ்சேனே."

அவர் திரையைத் துணியால் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. "அப்பனப் பறிகுடுத்துட்டு நிக்கிற பொண்ணாண்ட போயி, உன் கையாலதான்னு சொல்றதா? உனக்குக் கோவிச்சுக்க ஒரு ஆளு வேணும். நான் இருந்துட்டுப் போறேன்னு வுட்டுட்டேன். நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல தங்கச்சி. எழுந்து வெளிய வந்து பாத்திருக்கலாம். பாக்கல."

நான் அங்கேயே அழுதேன். அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

அவர் திரும்பி வந்ததும், நிரலை மாற்றப் போகிறோம், படகு வராவிட்டால் இனி சைரன் ஊதும் என்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு சொன்னார், "ஒண்ணு யோசிச்சுக்கோ. உங்க நைனா படகு இன்னும் லிஸ்ட்ல கீது. எடுக்கணும்னா வூட்டுக்காரம்மா கையெழுத்து வேணும். வருசா வருசம் ஃபாரத்த எடுத்துகினு உங்கம்மாவாண்ட போறேன். வந்துட்டாரு, கை கழுவிகினு கீறாருன்றாங்க. நானும் திரும்பி வந்துர்றேன். நீ மாத்துனா மொத சைரன் அவருக்குதான் ஊதும். உங்கம்மா காதுல வுழும்."

கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், என் பெயரையும் சேர்த்து. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாற்றத்தை ஏஜென்டே செய்யட்டும், அந்தச் சின்னப் பெண் சரிபார்க்கட்டும் என்று முடிவானது. ஏஜென்ட் சுருக்கமாக எழுதிக் கொடுத்தது. கடைசி சிக்னல் கரைக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் "கரை". இல்லாவிட்டால் "வரவில்லை", கூடவே சைரன். முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தது. "நான்கு ஆண்டுகளாகச் சிக்னல் இல்லாத அந்தப் படகுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு சேர்க்கட்டுமா? சேர்த்தால் அது வழக்கம்போலக் கரையேறும்."

ஒரே ஒரு வரிதான். அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது, தம்பிக்கும் பாதுகாப்பு. சின்னப் பெண் போனில், "சேத்துடலாம் அக்கா, யாருக்கும் நஷ்டம் இல்லையே" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வரியைச் சேர்த்தால் நான் நைனாவை இரண்டாவது முறையும் கரை என்று எழுதியவள் ஆவேன், இந்த முறை தெரிந்தே. வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். தலைமாட்டில் இருந்த குறிப்பு வரியை நானே அழித்தேன்.

மாற்றிய நிரல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சங்க ஆபீஸ் கணினியில் ஏறியது; படகு வராவிட்டால் சைரன் ஊதும் என்று எழுத்தர் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்ல மூன்று தடவை கீழே இறங்கிப் போனேன். மூன்று தடவையும் உப்பு இருக்கிறதா, வெந்நீர் வேணுமா என்று கேட்டுவிட்டு மேலே வந்தேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஆறு மணிக்குக் கரைக்குப் போனேன். தம்பி வந்துவிட்டிருந்தான். வலையை உதறிக்கொண்டிருந்தான். எல்லாப் படகுகளும் வரிசையாக ஏறியிருந்தன. எழுத்தர் ஆபீஸ் வாசலில் நின்றார்.

ஆறரைக்குச் சைரன் ஊதியது.

மணலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். சிலர் படகுகளைப் பார்த்தார்கள், சிலர் பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தார்கள். யார் இல்லை என்று அவர்களுக்குப் புரியவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். எல்லாரும் இருக்கும்போது அந்தச் சைரன் நிற்காமல் ஊதிக்கொண்டிருந்தது.

அம்மா வந்தாள். ஓடவில்லை, நடந்துதான் வந்தாள். கையில் ஈரம் சொட்டியது, பாதி நிரம்பிய வாளியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நேரே எழுத்தரிடம் போய், "யாரு படகு?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நைனாவுதும்மா" என்றேன் நான்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஒரு கை, பிறகு இன்னொரு கை.

"ஆமா" என்றாள். "இன்னும் வரல."

சத்தமாகத்தான் சொன்னாள். கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிறகு தம்பியிடம் திரும்பி, "நின்னுகினு கீறியே. போய்ப் பாத்துட்டு வா" என்றாள்.

நாலு வருஷம் முன்பு அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. தம்பி வலையைக் கீழே போட்டான். எதற்கு, என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து அவன் படகுக்குத் தோள் கொடுத்தார்கள், எழுத்தரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றார். நானும் அவர் பக்கத்தில் கை வைத்தேன். எல்லோரும் சேர்ந்து படகைக் கடலுக்குள் தள்ளினோம்.